துண்டு எழுதி அனுப்பிய பிறகு

திருகோணமலை மாவட்டத்தில் 19 வயதுப் பையன் ஒருவனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவனை முதலில் பார்க்கப்போவது மனநல வைத்திய நிபுணர் அல்ல. தலையிடி என்று சொல்லிக்கொண்டு ஓபிடி வரிசையில் நிற்பான். நித்திரை வரவில்லை என்று பின்னேரம் தனியார் டிஸ்பென்சரிக்குப் போவான். படிப்பில் கவனம் இல்லை என்று ரியூஷன் ஆசிரியர் வீட்டுக்குச் சொல்லி அனுப்புவார். அம்மா காளி கோயிலில் நூல் கட்டுவிப்பார். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் என்றால் உம்மா மௌலவியிடம் தண்ணீர் ஓதி வாங்கி வருவார். யாரோ ஒருவர் நல்ல சித்த வைத்தியர் இருக்கிறார் என்பார். இத்தனை வாசலும் ஏறி இறங்கி, ஓர் இரவு வீட்டுக் கதவை அடித்து உடைத்த பிறகோ, உடுப்போடு கடலுக்குள் இறங்கி நடந்த பிறகோதான் உளநலப் பிரிவு அவனைப் பார்க்கும்.

அந்த முதல் வாசல்களில் ஒன்றில் உட்கார்ந்திருப்பவர்களில் நானும் ஒருவர். மாவட்டத்தின் சின்ன வைத்தியசாலை ஒன்றில் பொது வைத்திய அதிகாரி. காய்ச்சல், இருமல், நாய்க்கடி, சீனி வருத்தம், பிரஷர் என்று எல்லாம் பார்க்கிறோம். அதற்கு நடுவில் இந்தப் பையனும் வந்து உட்காருகிறான். மருத்துவ பீடத்தை விட்டு வெளியே வந்த பிறகு எங்களுக்கு மனநோய் பற்றி என்ன சொல்லித் தருகிறார்கள், எப்படிச் சொல்லித் தருகிறார்கள் என்பதில் அவனுடைய அடுத்த பத்து வருடம் பெருமளவு தங்கியிருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் காலத்தைப் பற்றிச் சொல்கிறேன். பக்கத்தில் ஆள் இல்லாமலே குரல் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து சரியான மருத்துவம் கிடைக்கும் நாள்வரை கழிகிற காலம்தான் இந்த நோயில் எல்லாரும் கவனிக்க வேண்டியது. அமெரிக்காவில் ரெய்ஸ் என்ற பெரிய ஆய்வில், முதல் தடவையாக நோய்ப்பட்டு வந்தவர்களில் பாதிப்பேருக்கு அந்தக் காலம் 74 வாரத்துக்கும் மேல். ஒன்றரை வருடம் வருகிறது. அவ்வளவு பணமும் அவ்வளவு வைத்தியர்களும் உள்ள நாட்டிலேயே இப்படி. இந்தக் காலம் நீள நீள, மருந்து வேலை செய்வதும் குறைகிறது, ஆள் பழைய நிலைக்குத் திரும்புவதும் கடினமாகிறது என்று பல நாட்டு ஆய்வுகளும் ஒரே மாதிரிச் சொல்கின்றன.

எங்கள் ஊர்க் கணக்கில் அந்த வாரங்களில் என்ன போகிறது என்று யோசித்துப் பாருங்கள். உயர்தரப் பரீட்சை ஒன்று போகும். கடலுக்குப் போகிற பையன் என்றால் சம்மாட்டி அவனை வள்ளத்தில் ஏற்றுவதை நிறுத்திவிடுவார். சிநேகிதர்கள் ஒவ்வொருவராக விலகுவார்கள். பெண் பிள்ளை என்றால் வீட்டுக்குள்ளேயே வைத்து மறைப்பார்கள், அல்லது கலியாணம் கட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று அவசரப்பட்டு ஒரு கலியாணத்தைச் செய்து வைப்பார்கள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் அங்கே நோய் தொடங்கி, ஏஜென்சிக்காரர் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்ட பெண்களையும் பையன்களையும் நாங்கள் பார்க்கிறோம். அவர்களுக்கு அங்கே என்ன நடந்தது என்று சொல்ல ஆளும் இருக்காது, காகிதமும் இருக்காது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 5 சதவீதமானோர் தற்கொலையால் இறக்கிறார்கள், அந்த ஆபத்து மிக அதிகமாக இருப்பது நோயின் ஆரம்ப வருடங்களில். ஆகவே ‘இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை.

சரி, எங்களுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்?

வழக்கமாக நடப்பது இது. ஒரு மண்டபம். குளிரூட்டி. பேச்சாளர் 60, 70 ஸ்லைட் கொண்டுவருவார். மூளையில் ஓடும் டோபமைன் என்ற இரசாயனம், அது போகும் நான்கு பாதைகள், 1952 இல் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்த கதை, புதிய மருந்துகளின் பெயர்கள். பிறகு ரோல்ஸும் தேத்தண்ணீரும், ஒரு சான்றிதழ், குழுப் படம். பேச்சாளர்கள் கெட்டிக்காரர்கள், தூரம் பாராமல் வருகிறார்கள், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஓபிடியில் என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டிருக்கும் பையனிடம் என்ன கேட்பது என்று அந்த மண்டபத்தில் யாரும் சொல்லவில்லை.

இது என் தனிப்பட்ட மனக்குறை மட்டும் இல்லை. வைத்தியர்களுக்கான பயிற்சிக் கூட்டங்கள் அவர்களுடைய நடைமுறையை எவ்வளவு மாற்றுகின்றன என்று கொக்ரேன் குழு பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. விடை: சுமார் 6 சதவீதம். இல்லை என்று சொல்ல முடியாது, பெரிது என்றும் சொல்ல முடியாது. மனச்சிதைவு பற்றியே நேரடியாகப் பார்த்த ஆய்வுகளும் உண்டு. இலண்டன் லம்பெத்தில் குடும்ப வைத்தியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் நோயாளிகளை உளநலப் பிரிவுக்கு நேரடியாக அனுப்புவது கூடியது, ஆனால் மருந்தில்லாமல் கழிந்த காலம் குறையவில்லை. பேர்மிங்ஹாமில் 2009 இல் வெளிவந்த ஆய்வில், பயிற்சி பெற்றவர்கள் அனுப்பிய நோயாளிகளின் எண்ணிக்கைகூடக் குறிப்பிடும்படி உயரவில்லை.

இதைப் படித்துவிட்டு ‘பயிற்சியால் பிரயோசனமில்லை’ என்று சொல்பவர்கள் அடுத்த இரண்டு ஆய்வுகளையும் படிக்க வேண்டும். இங்கிலாந்திலேயே கேம்பிரிட்ஜ்ஷயர் பக்கம் நடந்து 2015 இல் வெளிவந்தது ஒன்று. சில கிளினிக்குகளுக்குத் தபாலில் தகவல் மட்டும் அனுப்பினார்கள். வேறு சிலவற்றுக்கு உளநலப் பிரிவிலிருந்து குறிப்பிட்ட ஒரு ஆளே போய்ப் பயிற்சி கொடுத்தார், பிறகும் தொடர்பில் இருந்தார். ஆள் போன கிளினிக்குகள் புதிதாக நோய்ப்பட்டவர்களைக் கண்டுபிடித்து அனுப்பியது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

மற்றது நோர்வேயில் ரோகாலாண்ட் என்ற மாவட்டத்தில் 1997 இல் தொடங்கிய டிப்ஸ் திட்டம். அங்கே வைத்தியர்களோடு பாடசாலை ஆசிரியர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பத்திரிகையிலும் வானொலியிலும் விளம்பரம் போட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வைத்தியர் எழுதி அனுப்பும் துண்டு எதுவும் இல்லாமல் யாரும் போன் எடுக்கலாம் என்று ஒரு குழுவை வைத்தார்கள். அம்மா எடுக்கலாம், ஆசிரியர் எடுக்கலாம், நோயாளியே எடுக்கலாம். மருந்தில்லாமல் கழியும் காலத்தின் நடு அளவு (பாதிப்பேருக்கு அதற்குக் குறைவு, பாதிப்பேருக்கு அதற்கு மேல்) 26 வாரத்திலிருந்து 5 வாரத்துக்கு இறங்கியது. விளம்பரத்தை நிறுத்தினார்கள், காலம் மறுபடி 15 வாரத்துக்கு ஏறியது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, முழுமையாக மீண்டவர்கள் இந்தத் திட்டம் இருந்த பகுதியில் 31 சதவீதம், இல்லாத பகுதிகளில் 15 சதவீதம். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது, ஏனென்றால் இதில் புது மருந்து எதுவும் இல்லை. போனை எடுக்க ஓர் ஆள் இருந்தார், அவர் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இந்த நாலு ஆய்வையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது ஒன்றுதான். பாடம் எடுத்துவிட்டுப் போனால் நிற்பதில்லை. பாடத்தோடு ஆளும் வரவேண்டும். அந்த ஆளுக்கு ஒரு தொலைபேசி எண் இருக்க வேண்டும். நாங்கள் அனுப்பிய நோயாளிக்கு என்ன ஆனது என்று அவர் எங்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி விஷயம்தான் எங்கள் நாட்டில் அநேகமாக இல்லை. நாங்கள் துண்டு எழுதுகிறோம், நோயாளி போகிறார், அதோடு கதை முடிகிறது. என்னுடைய சந்தேகம் சரியா பிழையா என்று எனக்குத் தெரியாமலே போய்விட்டால் அடுத்த தடவை நான் எதை வைத்துக் கற்றுக்கொள்வது?

அப்படி ஆளோடு வந்த ஒரு பயிற்சியை இங்கே பார்த்தேன். பெரிய மண்டபம் கிடையாது. கிளினிக் முடிந்த பிறகு காத்திருக்கும் வாங்குகளை வட்டமாக இழுத்துப் போட்டோம். வந்திருந்தவர்கள் வைத்தியர்கள், தாதியர், மருந்தாளர், குடும்பநல உத்தியோகத்தர்கள். சமூக உளநல உத்தியோகத்தர் ஒருவர் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அம்மா ஆனார். இளம் தாதி ஒருவர் மகன் ஆனார். நாங்கள் ஒவ்வொருவராகப் போய்க் கேட்க வேண்டும்.

முதலில் போன வைத்தியர் புத்தகத்தில் உள்ளபடியே தொடங்கினார். ‘உங்களுக்கு மாயக்குரல்கள் கேட்கின்றனவா?’ மகன் இல்லை என்று தலையாட்டினார். அம்மா அழத் தொடங்கினார். பயிற்சியை நடத்திய மனநல நிபுணர் அவரை நிறுத்தி, நித்திரையிலிருந்து தொடங்கச் சொன்னார். நித்திரையைப் பற்றிக் கேட்டால் யாரும் கோபப்படுவதில்லை, வெட்கப்படுவதுமில்லை. அடுத்ததாகப் போன மூத்த மிஸ்ஸி இதை மிக இலகுவாகச் செய்துகாட்டினார்.

‘தம்பி, ராவையில நித்திரை எப்படி?’

‘வாறல்ல.’

‘முழிச்சுக் கிடக்கிற நேரம் என்ன யோசினை?’

பதில் இல்லை. அவர் பொறுத்திருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ‘சில பேருக்கு நித்திரை குழம்பினா, பக்கத்தில ஆள் இல்லாத நேரமும் ஆரோ கதைக்கிற மாதிரிக் காதில விழும். உங்களுக்கு அப்படி ஏதும் இருக்கா?’

மகன் நிமிர்ந்து பார்த்தார். ‘ரெண்டு பேர் கதைக்கிறாங்க.’

‘உங்களப் பத்தியா?’

‘ஓம்.’

‘அவங்க உங்கள ஏதும் செய்யச் சொல்றாங்களா?’

இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் யாரும் எழும்பக் கூடாது என்று நிபுணர் அங்கேயே நிறுத்திச் சொன்னார். குரல் என்ன செய்யச் சொல்கிறது, அதைச் செய்யும் எண்ணம் இருக்கிறதா, செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா. நேரடியாகக் கேட்டால் நினைப்பில்லாத ஆளுக்கும் நினைப்பு வந்துவிடும் என்று நம்மில் பலர் பயப்படுகிறோம். அப்படி வருவதில்லை. கேட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஓர் ஆறுதல்தான்.

இந்தக் கேள்விகளோடு நிற்காமல், இது வேறு ஏதாவது நோயா என்று பார்ப்பதையும் அன்று நிறையப் பேசினோம். ஓபிடியில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு அதுதான் சொந்த வேலை. காய்ச்சலோடு வரும் குழப்பம், வலிப்பு, நேரத்துக்கு நேரம் மாறும் உணர்வு, ஒரு கிழமைக்குள் திடீரென்று தலைகீழான நடத்தை, வாய் கோணல். இவை இருந்தால் முதலில் மூளையைச் சந்தேகிக்க வேண்டும். மூளை அழற்சியில் ஒரு வகை, உடலின் எதிர்ப்புச் சக்தி மூளையையே தாக்குவது, 2007 இல்தான் தெளிவாக விவரிக்கப்பட்டது. இளம் பெண்களில் அது அச்சு அசலாக மனநோய் போலவே தொடங்கும். தைரொயிட்டையும் பார்க்க வேண்டும். கஞ்சாவையும் ஐஸ் போதைப்பொருளையும் பற்றி அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்க வேண்டும்.

போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004 சுனாமியையும் 2006 மூதூர் இடப்பெயர்வையும் கண்ட மாவட்டம் இது. இங்கே யார் குழம்பி வந்தாலும் ‘அந்தப் பயம்தான்’ என்று எழுதிவிடுவது சுலபம். இழந்தவரின் குரல் துக்கத்தில் காதில் விழுவதும் உண்டு, அதற்கு மனச்சிதைவு மருந்து தேவையில்லை. ஆனால் போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் இன்று நோய் தொடங்கும் வயதை எட்டுகிறார்கள். அவர்களுடைய குழப்பத்துக்கும் போரையே காரணமாகக் காட்டிக் காலத்தைக் கடத்துவதை நான் பார்க்கிறேன், அது பெரிய அநியாயம்.

பயிற்சி நிலைத்ததா இல்லையா என்பது வார்ட்டில்தான் தெரியும். கொஞ்சக் காலத்துக்குப் பிறகு ஒரு மாலை, அவசரப் பிரிவுக்கு ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கழுத்து ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கண்கள் மேலே ஏறி, வெள்ளைதான் தெரிகிறது. தாடை இறுகிப் பேச முடியவில்லை. அம்மா வாசலிலேயே இருந்துவிட்டார். ‘போனது திரும்பி வந்திட்டுது டொக்டர்’ என்ற ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கூட வந்தவர்களில் ஒருவர் கையில் வேப்பிலை இருந்தது.

தாதி ஒருவர் அம்மாவின் பையை வாங்கித் திறந்து, மருந்துக் கவரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஹலோபெரிடோல், மனச்சிதைவுக்குக் கொடுக்கும் மருந்து. வேறோர் இடத்தில் இரண்டு நாளைக்கு முன்னர் கொடுத்தது, அதுவும் தொடங்கும்போதே கூடிய அளவில். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் புரொமெதசின் ஊசியை எடுத்து வைத்துவிட்டார். அரை மணித்தியாலத்துக்குள் கழுத்து நேரானது, கண் கீழே இறங்கியது, பையன் தண்ணீர் கேட்டான்.

மருத்துவம் அதோடு முடிந்தது. முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். அந்தத் தாதி அம்மாவுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்து, இது மருந்தின் பக்க விளைவு, பேயும் இல்லை, நோய் முற்றியதும் இல்லை, மருந்தை மாற்றித் தருவோம், நிறுத்தக் கூடாது என்று மூன்று நான்கு விதமாகச் சொன்னார். வேப்பிலை வைத்திருந்தவரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். அன்று இதைச் சொல்லாமல் அனுப்பியிருந்தால் அந்தக் குடும்பம் இனி எந்த மாத்திரையையும் தொட்டிருக்காது. முதல் மருந்தில் பயந்தவர்கள் திரும்பி வர வருடங்கள் ஆகும். முதல் தடவை நோய்ப்பட்டவர்களுக்குச் சிறிய அளவே போதும் என்று எந்த வழிகாட்டியும் சொல்கிறது. ரிஸ்பெரிடோன் என்றால் 1 மில்லிகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றலாம். அடங்காத ஆளை அடக்க வேண்டும் என்ற அவசரத்தில் கொடுக்கும் முதல் ஊசிதான் பல குடும்பங்களை எங்களிடமிருந்து துரத்திவிடுகிறது.

மருந்தை எப்போது நிறுத்தலாம் என்று எல்லாரும் கேட்பார்கள். குணமாகி ஆறு மாதத்தில் பையன் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அப்பா மருந்தை நிறுத்திவிடுவார். முதல் தடவை குணமானவர்களைத் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வொன்றில், 5 வருடத்துக்குள் 82 சதவீதமானோருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. இந்த எண்ணைக் குடும்பத்துக்கு எப்படிச் சொல்வது, பயமுறுத்தாமல் எப்படிச் சொல்வது என்பதற்கே தனியாக ஒரு பின்னேரம் வேண்டும்.

எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லித்தராமல் விடுகிற இன்னொரு பகுதி உடம்பு. மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முந்தி இறக்கிறார்கள். பெரும்பாலும் இதய நோய், நீரிழிவு, புகைத்தல். ஒலன்சபின் என்ற மனச்சிதைவு மருந்து எடுப்பவர் மூன்று மாதத்தில் பத்துக் கிலோ கூடி வந்தாலும் நிறுத்துப் பார்க்க ஆள் இருப்பதில்லை. சீனி, பிரஷர் பார்ப்பதில் எங்களைவிடக் கைதேர்ந்தவர்கள் யார்?

குளோசபின் விஷயம் இன்னும் அவசரமானது. இரண்டு மருந்து போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் குணமில்லை என்றால் அடுத்தது குளோசபின்தான். அதைத் தள்ளிப்போடுவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அது சிலருக்கு வெள்ளை அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். அதனால்தான் முதல் 18 வாரமும் வாரா வாரம் இரத்தம் எடுக்கிறார்கள். இப்போது எங்கள் மாரிகாலத்தை நினைத்துப் பாருங்கள். டெங்குக் காய்ச்சலிலும் வெள்ளை அணுக்கள் குறையும். காய்ச்சலோடு ஓபிடிக்கு வருபவர் குளோசபின் எடுப்பவர் என்று தெரியாவிட்டால், எண்ணிக்கை குறைவதைப் பார்த்து டெங்கு என்று முடிவு கட்டிவிடலாம். ‘வேறு கிளினிக் கொப்பி இருக்கா?’ என்ற ஒரு கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றும். அதே மருந்து தரும் மலச்சிக்கலை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, அது குடலையே அடைத்துக் கொன்றுவிடக்கூடியது. நாலு பாதை டோபமைனுக்குப் பதிலாக இந்த இரண்டு விஷயத்தையும் எழுதி ஒவ்வொரு ஓபிடிச் சுவரிலும் ஒட்டினால் நான் சந்தோஷப்படுவேன்.

யாருக்குப் பயிற்சி கொடுப்பது என்பதிலும் எனக்கு உறுதியான ஒரு கருத்து உண்டு. எங்கள் மாவட்டத்தில் வைத்தியர்கள் தங்குவதில்லை. இடமாற்றம் வரும், மேற்படிப்பு வரும், வெளிநாடு வரும். இன்று பயிற்சி பெற்ற வைத்தியர் அடுத்த வருடம் கண்டியிலோ கொழும்பிலோ இருப்பார். தங்குகிறவர்கள் தாதியர், மருந்தாளர், குடும்பநல உத்தியோகத்தர், சிற்றூழியர். ஊர் அவர்களுடையது. புல்மோட்டையில் எந்த வீட்டில் யார் கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறார் என்று அங்கே பிறந்து வளர்ந்த சிற்றூழியருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வைத்தியருக்கும் தெரியாது. பயிற்சிக்கு ஒதுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் அவர்களுக்குப் போகவேண்டும், தமிழில் போகவேண்டும். நிபுணர் சிங்களம் பேசுபவர் என்றால் மொழிபெயர்க்க நல்ல ஆளை வைத்துக்கொள்ளலாம், அது சின்னப் பிரச்சினை.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகும், மூதூர் வீதியின் பாலங்கள் 2011 இல் திறந்த பிறகும், முன்னர் படகுப்பாதைக்குக் காத்திருந்து வந்தவர்கள் இப்போது பஸ்ஸில் நேரே வருகிறார்கள். ஆனாலும் ஈச்சிலம்பற்றுப் பக்கமிருந்து ஓர் அம்மா, வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும் மகனோடு நகரத்துக்கு வந்து போவது என்றால் ஒரு நாள் கூலி போகும், ஓட்டோவுக்குக் கடன் வாங்க வேண்டும். மாத்திரைக்குப் பதிலாகப் போடும் மாதாந்த ஊசியைப் பக்கத்து வைத்தியசாலையில் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும். அதற்கும் அங்கே இருக்கும் தாதிக்குப் பயிற்சி வேண்டும்.

சித்த வைத்தியர்களையும் கோயில், பள்ளிவாசல் ஆட்களையும் இந்த வட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்று சொன்னால் என் சக வைத்தியர்கள் சிலருக்குப் பிடிப்பதில்லை. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் நாளைக்கு இந்தப் பையனைப் பார்க்கப்போகிறவர்கள்தான். அவர்கள் நம் பயிற்சியில் இருந்தால் யாருக்கு நட்டம்? நைஜீரியாவிலும் கானாவிலும் இதை ஆய்வாகவே செய்து பார்த்தார்கள். பாரம்பரிய, மத வைத்தியர்களோடு ஆரம்பநிலைச் சுகாதார ஊழியர்கள் சேர்ந்து வேலை செய்த இடங்களில் சைக்கோசிஸ், அதாவது மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்கள் மற்ற இடங்களைவிட நன்றாகத் தேறினார்கள். 2020 இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. நூல் கட்டியதற்காக ஓர் அம்மாவைக் கிளினிக்கில் வைத்து ஏசினால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார். நூலும் இருக்கட்டும், மருந்தும் போடுங்கள் என்றால் வருவார். மௌலவி ஒருவர் ‘ஓதித் தாறன், நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்லி அனுப்பிய பையன் எங்களிடம் வந்தது நோய் தொடங்கிச் சில கிழமைகளுக்குள். அவ்வளவு சீக்கிரம் எங்கள் துண்டில் யாரும் போய்ச் சேர்ந்ததில்லை.

நோய் தேறியவர்களைப் பயிற்சியில் பார்க்க வேண்டும் என்பதும் என் ஆசை. வைத்தியர்களுக்கு இந்த நோய் பற்றி இருக்கும் அவநம்பிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. நாங்கள் திரும்பத் திரும்பப் பார்ப்பது தேறாதவர்களை மட்டும்தான். தேறியவர் கடை நடத்துகிறார், பிள்ளை வளர்க்கிறார், எங்களிடம் வந்து சொல்வதில்லை. சென்னையில் 1981 இல் முதல் நோய்க்கட்டத்தோடு வந்த 90 பேரைத் தொடர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். 1984 இல் சாரதா மேனன் நிறுவிய ஸ்கார்ப் என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தோடு சேர்ந்து, ஆர். தாரா போன்றவர்கள் பல பத்தாண்டுகள் கொண்டுபோன ஆய்வு அது. பத்து வருடம் கழித்துத் தொடர்பில் இருந்தவர்களில் பெரும்பாலானோர் நல்ல நிலையில் இருந்தார்கள். நம் மொழி பேசும், நம்மைப் போலவே கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்த குடும்பங்கள் அவை. ரோகாலாண்டைச் சொல்லும்போது ‘அது நோர்வே’ என்பவர்களுக்கு நான் இதைச் சொல்வேன்.

இப்போது நடப்பது என்ன? பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. அந்த வாங்கு வட்டத்துக்குப் பிறகு, உளநலப் பிரிவின் சமூக உத்தியோகத்தர் எங்களுக்குத் திருப்பிப் போன் எடுக்கத் தொடங்கியிருக்கிறார். ‘நீங்கள் அனுப்பின பிள்ளை வந்தவ, இது சைக்கோசிஸ் இல்ல, மனச்சோர்வுதான், மருந்து தொடங்கியாச்சு.’ இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் நான் கற்றுக்கொள்வது ஒரு நாள் கருத்தரங்கில் கிடைக்காது. நியூ மெக்சிகோவில் 2003 இல் சஞ்சீவ் அரோரா தொடங்கிய எக்கோ முறையும் அடிப்படையில் இதுதான்: தூரத்துக் கிளினிக்கில் இருப்பவர்கள் தங்களுடைய நோயாளியின் கதையை வாரா வாரம் வீடியோவில் நிபுணர் குழுவுக்குச் சொல்லி, சேர்ந்து யோசிப்பது. பெங்களூரில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மனநல நிறுவனம் இதை உளநலத்துக்குப் பயன்படுத்துகிறது. ஒரு மடிகணினியும் கிழமையில் ஒரு மணித்தியாலமும் இருந்தால் புல்மோட்டை, குச்சவெளி, மூதூர், கந்தளாய் எல்லாம் ஒரே அறைக்குள் வந்துவிடும். பதில் சொல்லும் நேரத்தை உத்தியோகத்தரின் கடமை நேரமாகக் கணக்கெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் மாறிப்போகும் நாளோடு இதுவும் போய்விடும். இதை எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

இதைப் படிக்கும்போது வீட்டில் ஒரு பிள்ளை நினைவுக்கு வந்தால், துண்டுக்கும் திகதிக்கும் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம்.

அடுத்த வட்டத்துக்குத் தலைப்பைத் தெரிவு செய்தவர்கள் குடும்பநல உத்தியோகத்தர்கள். பிள்ளை பிறந்த பிறகு வரும் மனநோய். ஆயிரம் பேறுகளில் ஒன்று இரண்டுக்கு வருவது, பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், சில மணித்தியாலத்திலேயே தாயும் பிள்ளையும் ஆபத்துக்குள் போகக்கூடியது. அந்த நாட்களில் வீடு தேடிப் போகிற ஒரே சுகாதார ஊழியர் அவர்கள்தான். ‘தாய் நித்திரை கொள்றாவா என்று மட்டும் கேட்டிட்டு வாறம், அடுத்ததாக என்ன கேக்கிறது?’ என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கப்போகிறோம். மாவட்டத்தில் வேலை செய்யும் யாரும் வரலாம். வரும்போது நீங்கள் பார்த்த ஒரு தாயின் கதையோடு வாருங்கள், பெயர் வேண்டாம்.